இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோல் இன்ஜெக்ஷன்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

திருக்கடலூரிலும் சல்லியிலும் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பின்புறத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றி அடிப்படையிலிருந்து சொல்லத் தேவையில்லை. பெற்றோலில் ஒயில் கலப்பதும், கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்வதும், பிளக்கின் நிறத்தைப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்வதும் இங்குள்ள கடற்றொழிலாளர்களுக்குக் கைவந்த அறிவு. அந்த அறிவின் மேல்தான் இந்தக் கட்டுரை நிற்கிறது. பழைய 125 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றைத் திருத்தி, காபரேட்டரைக் கழற்றி, அதன் இடத்தில் கணினியால் கட்டுப்படும் இன்ஜெக்டரைப் பொருத்தி, மணலிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் டேர்ட் பைக் ஒன்றுக்கு அதனை ஏற்றதாக்குவது எப்படி என்பதை, முதன்முறையாக இதில் கைவைப்பவருக்காக எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்ஜெக்ஷன் என்பது பெற்றோலை அளந்து கொடுக்கும் வேலை மட்டுமே. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்தே பயணம் செய்வதால், பெற்றோலை எங்கே தெளிக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பது கிராங்க் பெயாரிங்கும் பிஸ்டனும் உயிரோடு இருக்குமா என்பதையே தீர்மானிக்கிறது. கீழே வரும் தெரிவுகள் பலவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

எங்கே தெளிப்பது

பெற்றோலைத் தெளிக்க மூன்று இடங்கள் உள்ளன. சிலிண்டர் தலைக்குள் நேரடியாகத் தெளிக்கலாம். கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸிலிருந்து கலவை மேலேறும் வழியான, சிலிண்டரின் பக்கத்திலுள்ள ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டில் தெளிக்கலாம். அல்லது காபரேட்டர் இருந்த இடத்திலேயே, காற்றை உள்ளே மட்டும் விடும் இதழ்களுள்ள ரீட் வால்வுக்கு முன்னால், காற்றைத் திறந்து மூடும் தட்டுள்ள த்ராட்டில் பாடிக்குள் தெளிக்கலாம். முதலிரண்டு முறைகளிலும் பெற்றோல் கிராங்க் கேஸுக்குள் போவதில்லை. எக்ஸோஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போது எரியாத பெற்றோல் வெளியே ஓடிவிடும் பழைய குறையை அவை பெருமளவு தீர்க்கின்றன. கே.டி.எம். நிறுவனம் 2018 மாடல் 250, 300 சி.சி. எண்டியூரோ பைக்குகளில் ட்ரான்ஸ்ஃபர் போர்ட் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அவற்றில் ஒயிலுக்கென்று தனித் தாங்கியும் மின் பம்பும் வைக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனம் பின்னர் 2024 எண்டியூரோ மாடல்களில் த்ராட்டில் பாடி முறைக்கு மாறியது. அதற்கு முன்னர், 1997 இல் இத்தாலியின் பிமோட்டா நிறுவனம் வெளியிட்ட 500 சி.சி. வி டூவே பைக்கின் இன்ஜெக்ஷன் ஒழுங்காக இயங்காமல், விற்ற வண்டிகளைத் திரும்பப் பெறும் நிலை வந்தது. பொறியியலாளர் குழுக்களே தடுமாறிய இடம் அது.

ஆகவே புதியவர் த்ராட்டில் பாடி முறையையே தெரிந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எரிபொருள் சிக்கனத்தில் அது மற்ற இரண்டுக்கும் பின்தங்கியதுதான். ஆனால் ஒயில் கலந்த பெற்றோல் முழுவதும் கிராங்க் கேஸ் வழியாகவே செல்வதால் பெயாரிங்குகள் பழையபடியே நனைகின்றன. தனி ஒயில் பம்பு, அதற்கொரு கணக்கு, அது பழுதானால் வரும் அழிவு ஆகிய எதுவும் தேவையில்லை.

எஞ்சினைத் தெரிந்தெடுத்தலும் அடிப்பாகத்தைத் திருத்துதலும்

காற்றால் குளிரும் பழைய யமஹா டி.டி. 125, சுசுகி டி.எஸ். 125 ஆகிய இரண்டும் நல்ல தொடக்கங்கள். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 56 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டம் 50 மி.மீ., கொள்ளளவு 123 சி.சி. வீதியில் ஓட்டுவதற்குப் பதிவுசெய்த வண்டியின் எஞ்சினை இதற்கு எடுக்க வேண்டாம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், மாற்றம் எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒப்புதலின்றிச் செய்யக் கூடாது. தனியாகக் கிடைக்கும் எஞ்சினை வாங்கி, தனியார் நிலத்திலோ பந்தயத் தடத்திலோ ஓட்டும் பைக்குக்கு அதனைப் பயன்படுத்துங்கள்.

எஞ்சினை முழுவதும் பிரித்து, இரண்டு கிராங்க் சீல்களையும் எல்லா பெயாரிங்குகளையும் புதிதாகப் போடுவது கட்டாயம். கடற்கரை ஊரில் நெடுநாள் சும்மா கிடந்த எஞ்சினில் பெயாரிங் குண்டுகளின் மேல் உப்புத் துரு புள்ளி புள்ளியாக இருக்கும். கையால் சுற்றும்போது அது தெரியாது, நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில்தான் தெரியவரும். சிலிண்டரைப் புதிய பிஸ்டனுக்கு ஏற்ப லேத் பட்டறையில் துளைத்து மெருகேற்றும்போது, வார்ப்புப் பிஸ்டனாயின் இடைவெளி 0.05 மி.மீ. அளவில் இருக்கச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து அதை அளந்த பிறகே துளைக்கச் சொல்ல வேண்டும். அளவை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், திரும்பி வரும் சிலிண்டர் உங்கள் பிஸ்டனுக்குரியதாக இராது. போர்ட்டுகளை இந்த முதல் எஞ்சினில் அராவ வேண்டாம். அராவுவதால் எஞ்சினின் குணம் மாறும். புதிய இன்ஜெக்ஷனையும் புதிய குணத்தையும் ஒரே நேரத்தில் படிக்க முயன்றால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று தெரியாமற் போய்விடும்.

தலையைப் பூட்டிய பிறகு, பிஸ்டன் உச்சிக்கும் தலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புள்ள ஈயப் பற்றாசுக் கம்பியைப் பிளக் துளை வழியே பிஸ்டன் முளையின் திசையில் சிலிண்டர்ச் சுவரைத் தொடும்வரை விட்டு, கிராங்கைக் கையால் மேல் நிலையைத் தாண்டச் சுற்றினால், கம்பியின் நுனி தட்டையாக நசுங்கி வரும். நசுங்கிய இடத்தைக் கலிப்பரால் அளந்தால் அதுவே இடைவெளி. 1.0 முதல் 1.2 மி.மீ. வரை இருப்பது நல்லது; பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்த சோதனையைத் தவிர்த்துவிட்டு எஞ்சினை ஓட்டவே கூடாது. உள்வாயையும் எக்ஸோஸ்ட் வாயையும் ரப்பர்த் துண்டாலும் தகட்டாலும் இறுக அடைத்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் முள் காட்டிக் கருவியின் பந்தும் மானியும் போதும். அதன் முகப்பில் உச்சமாக இருக்கும் 300 என்பதே நமக்கு வேண்டிய 0.4 பார் அழுத்தம். பிளக் துளையில் பொருத்திய குழாய் வழியே 300 வரை ஏற்றி, ஆறு நிமிடம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால் சிறப்பு. நிமிடத்துக்கு 50 க்கு மேல் இறங்கினால் சவர்க்கார நீரைத் தூரிகையால் பூசி, குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். கிராங்க் சீலில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் கணினிக்குத் தெரியாத காற்று உள்ளே புகும், கலவை மெலியும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் போதாமற் போகும், பிஸ்டன் உருகும்.

இன்ஜெக்டரின் அளவு

இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறையேனும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஏனெனில் தவறான இன்ஜெக்டரை வாங்குவதே தொடங்குபவர்கள் பணத்தை இழக்கும் முதல் இடம். எஞ்சின் 8000 சுற்றில் 16 குதிரைவலு, அதாவது ஏறத்தாழ 12 கிலோவாட் தரும் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 450 கிராம் அளவில் பெற்றோல் குடிக்கும் என்று கொண்டால், மணிக்கு 5.4 கிலோகிராம், நிமிடத்துக்கு 90 கிராம், அதாவது 122 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 8000 முறை எரிவதால் ஒரு முறைக்கு 11.25 மில்லிகிராம். 123 சி.சி. கொள்ளளவில் நம்மூர் வெப்பநிலையில் அடங்கும் காற்று ஏறத்தாழ 143 மில்லிகிராம். அந்தக் காற்றை 11.25 ஆல் வகுத்தால் 12.7 வருகிறது. முழுத் த்ராட்டிலுக்கு ஏற்ற காற்று-பெற்றோல் விகிதமும் அதுவே என்பதால், நம் கணக்கு தடம் மாறவில்லை என்று நம்பலாம்.

இனி நேரத்தைப் பாருங்கள். 8000 சுற்றில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 7.5 மில்லி செக்கன் மட்டுமே. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தெளித்தால் போதும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் தெளித்தாக வேண்டும். அந்த நேரத்தில் 85 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 6.4 மில்லி செக்கன். இன்ஜெக்டர் திறப்பதற்கே ஏறத்தாழ 1 மில்லி செக்கன் வீணாகிவிடும் என்பதால் மிஞ்சுவது 5.4. அந்த 122 மில்லிலீற்றரும் 7.5 இல் இந்த 5.4 க்குள்ளேயே பாய்ந்தாக வேண்டும்; ஆகவே முழுவதும் திறந்து வைத்தால் நிமிடத்துக்கு 170 மில்லிலீற்றர் பாயும் இன்ஜெக்டராவது வேண்டும். 170 முதல் 200 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் பைக்கிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் வலுவில் நம் எஞ்சினுக்கு நிகரான பைக்கில் இருந்து வந்திருந்தாலும், இந்த அளவுக்குப் போதாமற் போக வாய்ப்பு உண்டு. 200, 250 சி.சி. பைக்குகளின் இன்ஜெக்டரைத் தேடுங்கள். மின்தடை 12 ஓம் அளவில் உள்ளதாக இருக்கட்டும்.

பழைய இன்ஜெக்டர் எதையும் அளந்து பார்த்தே பொருத்த வேண்டும். நிழலான திறந்த வெளியில், அடுப்பும் பற்றரி இணைப்பும் அருகில் இல்லாதவாறு, பம்பால் 3 பார் அழுத்தம் கொடுத்து, இன்ஜெக்டரை 30 செக்கன் திறந்து வைத்து, அளவுகோடிட்ட குவளையில் விழுவதைப் பாருங்கள். 90 மில்லிலீற்றர் விழுந்தால் நிமிடத்துக்கு 180. தெளிப்பு புகைபோல் கூம்பாக விரிய வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கோடாக வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பொருத்துதல்

த்ராட்டில் பாடியின் வாய் பழைய காபரேட்டரின் அளவுக்கு நெருங்கியதாக இருக்கட்டும். இன்ஜெக்டர் த்ராட்டில் தட்டுக்குப் பின்னால், ரீட் வால்வின் இதழ்களை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குழாய்ச் சுவரில் தெளித்தால் பெற்றோல் ஓடையாக வழிந்து, த்ராட்டிலைத் திறக்கும்போது எஞ்சின் தயங்கும். பெற்றோல் பம்பும் அழுத்தச் சீராக்கியும் இன்ஜெக்ஷன் பைக்குகளில் பயன்படும் 3 பார் வகையாக இருக்கட்டும். காபரேட்டருக்குப் போடும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் இந்த அழுத்தத்தில் வெடித்து, சூடான சிலிண்டரின் மேல் பெற்றோலைக் கொட்டும். இன்ஜெக்ஷனுக்கென்று உள்ள அழுத்தக் குழாயையும் உரிய கிளிப்பையுமே போடுங்கள்.

கணினிக்குச் சுற்று வேகத்தைச் சொல்ல, மேக்னெட் சக்கரத்தின் வெளிப்புறத்தில் 12 பல்லில் ஒன்று குறைந்த பல் வளையம் ஒன்றைப் பூட்டி, அதன் முன் சென்சரை 0.8 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். மேக்னெட் சக்கரத்தில் வெல்டிங் செய்யக் கூடாது. சூட்டில் காந்தம் வலுவிழக்கும். வளையத்தைத் திருகுகளால் பூட்டி, திருகுகளில் பூட்டுப் பசை இட்டு, சமன் பார்க்க வேண்டும். கணினியாக மைக்ரோஸ்குவர்ட், அல்லது திறந்த மூலத் திட்டமான ஸ்பீடுயினோ, இரண்டும் இரண்டு ஸ்ட்ரோக் அமைப்பை ஏற்பவை. பற்றவைப்பை, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பழைய சி.டி.ஐ. பெட்டியிடமே விட்டுவிட்டு, கணினியிடம் பெற்றோலை மட்டும் ஒப்படைப்பது முதல் எஞ்சினுக்குப் போதும். பிளக் மாத்திரம் தடை உள்ள வகையாக, பி.ஆர்.8.இ.எஸ். போன்றதாக இருக்க வேண்டும். இல்லையேல் பொறியின் மின் இரைச்சல் சென்சர் வயருக்குள் புகுந்து, கணினி சுற்று வேகத்தைத் தவறாக எண்ணும்.

பழைய எஞ்சினின் மின் சுருள் விளக்குக்கு மட்டுமே போதுமானது. பம்பு, கணினி, இன்ஜெக்டர் மூன்றும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தை மானியால் அளந்து, அதற்கு மேல் தரக்கூடியதாகச் சுருளை மறுபடி சுற்றுவித்து, 12 வோல்ற்று ரெகுலேட்டரும் சிறிய பற்றரியும் வைக்க வேண்டும். பற்றரி தளர்ந்தால் இன்ஜெக்டர் திறக்கும் நேரம் நீளும், கலவை மெலியும். கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துப்போகும் ஊர் இது. நீர் புகாத சொக்கெட்டுகளையே வாங்கி, உள்ளே மின் இணைப்புக்குரிய கிரீஸ் பூசுங்கள்.

ஒயில்

படகு எஞ்சினுக்கு ஊற்றும் டி.சி.டபிள்யூ.3 வகை ஒயில் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். கையில் இருக்கிறதே என்று அதை இதில் ஊற்ற வேண்டாம். அது கடல்நீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது; காற்றால் குளிரும் பைக் எஞ்சினின் சூட்டை அதன் படலம் தாங்காது. ஜாசோ எஃப்.டி. தரமுள்ள மோட்டார் சைக்கிள் ஒயிலை வாங்கி, முதல் சில தாங்கிகளுக்கு லீற்றருக்கு 31 மில்லிலீற்றர், பின்னர் 25 மில்லிலீற்றர் என்று கலவுங்கள்.

இனி நான் ஒரு பிஸ்டனை இழந்து கற்றதைச் சொல்கிறேன். என் முதல் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. சாம்பல்தீவுக்கு அப்பால் ஒரு நீண்ட மணல் தடத்தில் முழு வேகத்தில் போய், முடிவில் த்ராட்டிலை முழுவதும் மூடி, கியரிலேயே வேகத்தைக் குறைத்தேன். நாலு செக்கன் இருக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கலவை மெலிந்துதான் பிடித்தது என்று நான் நினைத்தேன். பிஸ்டனைக் கொண்டுபோய், நாற்பது ஆண்டு படகு எஞ்சின் திருத்திய ஐயா ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உச்சியில் உருகல் இல்லை; எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும் அல்லாமல் சுற்றிவர எல்லாப் பக்கமும் அலுமினியம் இழுபட்டிருந்தது. “இது சூட்டில பிடிச்சதில்ல தம்பி, ஒயில் காணாமப் பிடிச்சது. நீ எங்கயோ பெற்றோல மறிச்சிருக்கிறாய்,” என்றார்.

அவர் சொன்னதே உண்மை. த்ராட்டிலை மூடியதும், சுற்று வேகம் கூடுதலாக இருந்தால், பெற்றோலை முழுவதும் நிறுத்தும் அமைப்பு கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது. நான்கு ஸ்ட்ரோக்கில் அது சிக்கனம். ஒயில் கலந்த பெற்றோல் குடிக்கும் எஞ்சினிலோ அது, எட்டாயிரம் சுற்றில் ஓடும் பிஸ்டனுக்கு ஒயிலையே நிறுத்துவது. எஞ்சினை முதன்முதலில் இயக்குமுன் இந்த அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; எப்போது எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அட்டவணையின் மூடிய த்ராட்டில் வரிசையில், கூடிய சுற்றுகளிலும் சற்றுத் தாராளமாகவே பெற்றோலை வையுங்கள். சிக்கனத்துக்காகக் கலவையை மெலியவைக்கும் ஒவ்வொரு முறையும் ஒயிலையும் அதே அளவில் குறைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

அட்டவணையை நிரப்புதல்

காற்றழுத்தத்தை வைத்துப் பெற்றோலைக் கணிக்கும் வழக்கமான முறை இங்கே உதவாது, ஏனெனில் ரீட் வால்வின் முன்னால் அழுத்தம் ஓயாமல் அலைபாய்ந்துகொண்டே இருக்கும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எத்தனை சுற்று என்ற இரண்டை மட்டும் வைத்து அட்டவணை அமைக்க வேண்டும். எக்ஸோஸ்ட் குழாயின் அலை ஒத்துப்போகும் சுற்றுகளில், வெளியேறிய கலவை திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளப்படுவதால், எஞ்சினின் காற்றுத் தேவை திடீரென்று எகிறும். அதற்குக் கீழேயும் மேலேயும் சரியும். ஆகவே 1000 சுற்றுக்கு ஒரு பத்தி என்று சமமாகப் பிரிக்காமல், குழாய் விழித்துக்கொள்ளும் 5500 முதல் 8000 வரை 250 சுற்றுக்கு ஒரு பத்தி வைத்து, கீழே பரவலாக விடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் தேவையைவிடக் கூடுதலாக நிரப்பி, சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

எக்ஸோஸ்டில் வைக்கும் ஒட்சிசன் சென்சரை ஒயில் புகை விரைவில் கெடுத்துவிடும் என்பதால், நான் வெப்பமானியையும் பிளக்கையுமே நம்புகிறேன். பிஸ்டனிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. தூரத்தில் குழாயில் வைத்த வெப்பமானி முழுத் த்ராட்டிலில் 600 பாகைக்கு மேல் போகும். 650 ஐத் தொட்டால் உடனே கையை எடுத்து, அந்தக் கட்டத்தில் பெற்றோலைக் கூட்டுங்கள். பிளக்கைப் பார்ப்பதற்கு, முழுத் த்ராட்டிலில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, வண்டி நின்றதும் கழற்ற வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அந்த நிறம் வேறொன்றைச் சொல்லும்.

காற்று வெப்பநிலைத் திருத்தத்தை மறவாமல் இயக்குங்கள். கச்சான் அடிக்கும் நாளில் 36 பாகையும் மாரி மழைக் காலையில் 25 பாகையும் உள்ள ஊரில், அந்த வித்தியாசம் மட்டுமே காற்றின் அடர்த்தியை ஏறத்தாழ 3.6 சதவீதம் மாற்றும். பந்தயத்துக்கு என்று தியத்தலாவைக்குக் கொண்டுபோனால், 1200 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. காபரேட்டர்க்காரர் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், வெளிக் காற்றழுத்தச் சென்சர் உள்ள கணினி அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

முதல் ஓட்டம்

முதல் நாளில் ஓட்ட வேண்டாம். எஞ்சினை இயக்கி, சிலிண்டர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்ததும் அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, இதை மூன்று முறை செய்து, தலை நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். சாவி போட்டதும் தெளிக்கும் முதல் தெளிப்பு மிகச் சிறிதாக இருக்கட்டும். சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பெற்றோல் கிராங்க் கேஸின் அடியில் தேங்கி, பிளக்கை நனைத்துவிடும்.

புல்மோட்டைப் பக்கம் போகிறவர்கள் காற்று வடிகட்டியில் கூடிய கவனம் வைக்க வேண்டும். அந்தக் கரு மணலில் இல்மனைட் என்ற கடினமான கனிமமும் சேர்ந்திருக்கிறது. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் புதிய சிலிண்டரை அரம்போல் தேய்த்துவிடும். இரட்டை அடுக்கு ஸ்பொஞ்ச் வடிகட்டியை ஒயிலில் நனைத்துப் பிழிந்து போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கழுவுங்கள்.

ஐந்து மணி நேரம் ஓடிய பிறகு எக்ஸோஸ்ட் குழாயைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, டோர்ச் வெளிச்சத்தில் போர்ட் வழியே உள்ளே பாருங்கள். சிலிண்டர்ச் சுவரில் மெருகேற்றிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிய வேண்டும். பிறகு கிராங்கைச் சுற்றி, பிஸ்டனின் பக்கவாட்டை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். அதில் ஈரமாக ஒயில் படிந்திருந்தால் குழாயைத் திரும்பப் பூட்டலாம். நகத்தில் தட்டுப்படும் நெடுங்கோடு ஒன்றே ஒன்று இருந்தாலும் சிலிண்டரைக் கழற்றி, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மீண்டும் இயக்குங்கள்.